நுரை பொங்கினால் போதுமா?

கடையில் வாங்கும் துப்புரவுச் சாமான் எல்லாம் விஷம். எலுமிச்சை, வினிகர், ஆப்ப சோடா, உப்பு, புளி இருந்தால் வீட்டின் மொத்த அழுக்கையும் ஓட்டிவிடலாம் என்ற பேச்சு இப்போது நம் ஊரில் கிட்டத்தட்ட ஒரு மதமாகிவிட்டது. வார இதழ்களின் மகளிர் பக்கத்தில் குறிப்பாக வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்பாக நடக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக வந்து விழுகிறது. யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்டால், கம்பெனிக்காரனிடம் காசு வாங்கியவன் என்றோ, சுற்றுச்சூழலில் அக்கறை இல்லாதவன் என்றோ பெயர் வந்துவிடும். வந்தால் வரட்டும். இந்த நம்பிக்கையில் கால்பங்கு உண்மை, அரைப்பங்கு சோம்பல், மிச்சம் ஆபத்து.

அந்தக் கால்பங்கை முதலில் கொடுத்துவிடுகிறேன். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். அதில் சந்தேகமே இல்லை. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம், உலோகத்தின் மேல் படிந்த கருப்பான ஆக்சைடைக் கரைத்து எடுக்கிறது. ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் வேலை இன்னும் வேகமாகும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் குழாயிலும் பக்கெட்டிலும் படியும் வெள்ளைக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சையோ வினிகரோ அதைக் கரைக்கும். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அது ஓரளவு சோப்பாகவே மாறும்; போதாததற்குச் சாம்பல் துகள் உராய்ந்தும் கொடுக்கும். பூந்திக்கொட்டையின் சபோனின் நுரை, சோப்பைப் போல உப்புத் தண்ணீரில் திரிந்து போகாது. பட்டுப்புடவைக்கும் நகைக்கும் அதை வைத்திருந்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கறுத்துப்போன வெள்ளியை அலுமினியத் தாளின் மேல் வைத்து, ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால், வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்துக்கு இடம் மாறிவிடும். தேய்க்கவே வேண்டாம். சமையலறைச் சரக்கு செய்யும் வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் இதையெல்லாம் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு பொருளும் ஒரு குறிப்பிட்ட அழுக்கோடுதான் மோதுகிறது. புளி ஆக்சைடைக் கரைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை அசைக்காது. சாம்பல் பிசுக்கை எடுக்கும், உப்புக் கறையைத் தொடாது. பழைய வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இரும்பு தோசைக்கல்லில் புளி பட விடமாட்டார்கள். துருவேறும், பதம் போய்விடும். பித்தளையைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டுவிட்டு மறந்தால் துத்தநாகம் கரைந்து, பாத்திரம் செம்பு நிறத்தில் இளித்துக்கொண்டு வரும். அதனால் தேய்த்த கையோடு அலம்பிவிடுவார்கள். இன்று கிடைக்கும் குறிப்புகளோ ‘ஒரே கரைசல், வீடு முழுவதும்’ என்கின்றன. எந்த அறிவைப் போற்றுவதாகச் சொல்லிக்கொள்கிறார்களோ, அந்த அறிவையே இது தூக்கி எறிகிறது.

விளைவு என்ன? நம் சமையலறை மேடைகளிலும் அலமாரித் தட்டுகளிலும் இருக்கும் கடப்பாக் கல் ஒரு சுண்ணாம்புக் கல். குழாயில் படிந்த கறையைக் கரைக்கும் அதே எலுமிச்சை, கல்லையும் கரைக்கும். பளிங்குக்கும் மொசைக்குக்கும் அதே கதிதான். செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடி ஓடு சிமெண்டால் ஆனது. சிவப்பு ஆக்சைடு தரையும் அப்படியே. வாரம் ஒரு முறை வினிகர் கலந்து துடைத்தால், தலைமுறைகளாக ஏறிய மெருகு சீக்கிரமே மங்கிவிடும். அலுமினியப் பாத்திரத்துக்கு நேர் எதிரான எதிரி: சாம்பலும் சோடாவும் பட்டால் கறுக்கும். ‘எதற்கும் தீங்கு செய்யாதது’ என்று விளம்பரப்படுத்தப்படும் கரைசலுக்கு இத்தனை பகை இருக்கிறது.

இனி அந்தப் புகழ்பெற்ற நுரைக்கு வருவோம். ஆப்ப சோடாவைத் தூவி, மேலே வினிகரை ஊற்றினால் புஸ்ஸென்று பொங்குகிறது. காணொளிக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. அழுக்கு கதறிக்கொண்டு ஓடுவதுபோல் இருக்கிறது. உண்மையில் அங்கே நடப்பது இரண்டு பொருள்களும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டுவது. கடை வினிகரில் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் அசிட்டிக் அமிலம். 100 மில்லி வினிகரில் 5 கிராம் அமிலம் என்று வைத்துக்கொண்டால், அதை முழுதாக அடக்க 7 கிராம் ஆப்ப சோடா, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி போதும். பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது தண்ணீரில் கரைந்த ஏறக்குறைய 7 கிராம் சோடியம் அசிடேட். அது அமிலமாக இருந்து கறையையும் கரைக்காது, காரமாக இருந்து பிசுக்கையும் எடுக்காது. வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு, நாம் மூச்சில் விடுவதுதான். தனித்தனியாகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டும் உருப்படியாக வேலை செய்திருக்கும்.

சிங்க் அடைப்புக்கும் இதே வைத்தியத்தைச் சொல்கிறார்கள். குழாயை அடைத்திருப்பது உறைந்த எண்ணெயும் சோற்றுப் பருக்கையும், குளியலறையில் தலைமுடி. திறந்திருக்கும் குழாயில் வாயு மேலே கிளம்பிப் போய்விடும், அடைப்பை நெட்டித் தள்ளாது. அடைப்பு கொஞ்சம் இளகியது என்றால், அதற்கான பெருமை பின்னாலேயே ஊற்றிய வெந்நீருக்கும் ரப்பர் பம்புக்கும் சேர வேண்டும்.

நுரையைவிடப் பெரிய மாயம் பயோ என்சைம். தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை இது. ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூடி மூன்று மாதம் வைக்க வேண்டும். தரை துடைக்க, கழிவறை கழுவ, செடிக்கு ஊற்ற, முகத்தில் பூச, எல்லாவற்றுக்கும் இதுவே என்கிறார்கள். டப்பாவுக்குள் நடப்பது நம் ஊர் தென்னங்கள் புளிக்கிற அதே கதைதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. பாக்டீரியாக்கள் அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. கூடவே கொஞ்சம் லாக்டிக் அமிலமும் சேர்கிறது. மூன்று மாதம் கழித்துக் கையில் இருப்பது பழவாசனை ஏறிய, நீர்த்த வினிகர். நொதி என்பது புரதம். இவ்வளவு புளிப்பில் மூன்று மாதம் கிடந்த பிறகு, உருப்படியாக வேலை செய்யும் நிலையில் அதில் எவ்வளவு எஞ்சியிருக்கும்? அதை அளந்து பார்த்துச் சொல்லும் பயிற்சியாளர் யாரையும் நான் பார்த்ததில்லை. இதில் பூந்திக்கொட்டையைச் சேர்த்துக் காய்ச்சி ‘பாத்திரம் எப்படிச் சுத்தமாகிறது பாருங்கள்’ என்பவர்கள் உண்டு. சுத்தமாக்கியது பூந்திக்கொட்டை. அதை வெந்நீரில் ஊறவைத்தாலே போதும். வெல்லமும் வேண்டாம், மூன்று மாதமும் வேண்டாம்.

இதையாவது விட்டுவிடலாம். பழத்தோல் குப்பைக்குப் போகாமல் இருந்தால் நல்லதுதானே என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கரைசல் புளிக்கும்போது ஓசோன் உண்டாகி வானத்து ஓட்டையை அடைக்கிறது, ஏரியில் ஊற்றினால் ஏரி சுத்தமாகிறது என்றெல்லாம் படித்தவர்களே மேடையேறிச் சொல்கிறார்கள். ஓசோன் உண்டாக மின்பொறியோ வீரியமான புறஊதாக் கதிரோ வேண்டும். வெல்லத் தண்ணீர் வாளிக்குள் இரண்டும் கிடையாது. ஏரி விஷயம் இன்னும் மோசம். புளித்த கரைசலில் இருக்கும் சர்க்கரை, ஆல்கஹால், அமிலம் எல்லாம் நீரில் உள்ள பாக்டீரியாக்களுக்குத் தீனி. தீனியைத் தின்னும்போது அவை நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். சாக்கடை நீர் ஏரியைக் கொல்வதும் இதே வழியில்தான். மூச்சு முட்டும் ஏரியில் குடம் குடமாக இன்னும் கொஞ்சம் சாக்கடைச் சத்தை ஊற்றிவிட்டு, பதாகையோடு படம் எடுத்துக்கொள்கிறோம். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015-இல் நுரைத்துத் தீப்பிடித்தபோது நாடே பார்த்தது. அந்த நுரையில் சலவைத் தூளுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம், நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்குள் இறங்கியது. கூவமும் அடையாறும் நாறுவதும் அதனால்தான். மாநகராட்சியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியை, இல்லத்தரசியின் பாட்டிலுக்குள் அடைத்து மூடிவிடுகிறது இந்த இயக்கம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கிடைக்க மாட்டார்கள்.

‘சாப்பிடுகிற பொருள்தானே, என்ன கெடுதல் வந்துவிடும்?’ என்பது அடுத்த வாதம். பூந்திக்கொட்டையைச் சாப்பிடச் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதன் சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். குளத்தில் கரைத்து மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கமே உண்டு. அதையே ‘நீர்நிலைக்கு நண்பன்’ என்று விற்கிறோம். தரை துடைக்கும் நீரில் வாசனைக்காகக் கற்பூரத்தையும் நீலகிரித் தைலத்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள். இரண்டையுமே சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். இயற்கையில் விளைந்தது என்பதற்காகக் குழந்தையின் மூளை அதற்குச் சலுகை காட்டாது. இன்னொரு கெட்ட பழக்கம், வீட்டில் செய்த கரைசலைக் காலியான குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது. மேலே பெயரும் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. ஆரஞ்சுத் தோல் கரைசல் பார்ப்பதற்கும் ஆரஞ்சு ஜூஸ் போலவே இருக்கும். புளித்துக்கொண்டிருக்கும்போது இறுக மூடினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

ஆலை எதிர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்ப சோடா எந்த மரத்தில் காய்க்கிறது? எர்னஸ்ட் சால்வே 1860களில் கண்ட முறையிலும் அதன் வழித்தோன்றல்களிலும், குஜராத்தின் மிட்டாப்பூர் போன்ற இடங்களில் பெரிய ஆலைகளில்தான் சோடா உற்பத்தியாகிறது. தூத்துக்குடியில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சோடா செய்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைப் பாராட்டி எழுதின. நம் மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வினிகரின் லேபிளைப் படித்தால் ‘செயற்கை வினிகர்’ என்று இருக்கும். ஆலையில் செய்த அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீர் விட்டு நீர்த்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல பொருள்கள்தாம். ஆனால் இவற்றை வாங்கிக்கொண்டே ‘ஆலைப் பொருளை ஒழித்துவிட்டோம்’ என்று மார்தட்டுவது வேடிக்கை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது கிருமி விஷயத்தில். அழுக்கை அகற்றுவது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது வேறு வேலை. அன்றாடம் வீட்டுத் தரைக்கு முதல் வேலை போதும்: தண்ணீர், கொஞ்சம் சோப்பு, துடைக்கத் துணி. ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாந்திபேதி வந்து கழிவறை முழுதும் அசுத்தமாகிவிட்டால்? வெள்ளத்தில் சாக்கடை நீர் கூடத்துக்குள் ஏறி வடிந்திருந்தால்? 2015 டிசம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அதுதான் நடந்தது. அங்கே எலுமிச்சைத் தண்ணீர் எடுபடாது. வினிகர் சில பாக்டீரியாக்களைக் குறைக்கும், அதுவும் வெகுநேரம் ஊறினால். வாந்திபேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் போன்றவற்றிடம் அதை நம்ப முடியாது. மஞ்சளும் வேப்பிலையும் உப்பும் அந்த இடத்தில் ஆறுதல் மட்டுமே தரும்.

அந்த இடத்துக்கு வேண்டியது குளோரின். 1799-இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் காப்புரிமை பெற்ற ப்ளீச்சிங் பவுடர், முதலில் துணி வெளுக்கத்தான் வந்தது. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை செய்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வரும் மருத்துவர்களை, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். கையில் ஒட்டிய பிண வாடையை அது போக்கியதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்; கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பது அப்போது நிலைநாட்டப்படவில்லை. அவருடைய பிரிவில் 1846-இல் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் பிரசவக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1848-இல் அது நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கியது. மற்ற நகரங்கள் பின்தொடர, டைபாய்டு பின்வாங்கியது. நம் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரிலும் அதே குளோரின்தான் இருக்கிறது, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். இத்தனை உயிரைக் காத்த பொருளை ‘விஷம்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதற்குத் துணிச்சல் வேண்டும், அல்லது மறதி வேண்டும்.

குளோரின் கரைசல் வேலை முடிந்ததும் பெரும்பாலும் சாதாரண உப்பாகிவிடுகிறது. அழுக்கு நீரோடு சேர்ந்தால் வேண்டாத சில சேர்மங்களும் கொஞ்சம் உண்டாகும். அதனால்தான் அளவு முக்கியம். அழுக்கான பரப்புக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 0.1 சதவீதம், ரத்தம், கழிவு சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம். கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் விட்டால் முதல் அளவு வந்துவிடும். முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் முழுவதையும் அழுக்கே தின்றுவிடும். பெரிய மனிதர் வருகிறார் என்றதும் தெருவோரம் கோலம் போடுவதுபோல் உலர்ந்த தூளைக் கோடு கிழித்துத் தூவுகிறார்களே, அதனால் வந்தவரின் கண்ணைத் தவிர வேறொன்றும் சுத்தமாவதில்லை.

‘பாட்டி காலத்தில் இதெல்லாம் இருந்ததா?’ இல்லை. பாட்டிக்குப் பிறந்த எட்டில் எத்தனை தங்கியது என்று சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டியே இருந்தது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணம் பூசியதும் இயற்கை முறைதான். அந்த வழியாக ரணஜன்னி வந்து குழந்தைகள் செத்தன. தாய்சேய் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல்தான் அறிவிக்க முடிந்தது. தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் செய்த வேலை அது.

பாட்டியின் வீடு சுத்தமாக இருந்தது என்றால், யாருடைய உழைப்பில்? வீட்டுத் துணியைக் கிருமியறச் செய்தது வண்ணார் குடும்பங்களின் வெள்ளாவி. உவர்மண்ணின் காரத்தில் நனைத்த துணியைப் பானையின் மேல் அடுக்கி இரவு முழுக்க ஆவியில் வேகவைத்தார்கள். காரமும் வெப்பமும் சேர்ந்த உண்மையான கிருமிநீக்கம் அது. அதைச் செய்தவர்களை ஊரின் ஓரத்தில் நிறுத்திவைத்தோம். இன்று ‘பாரம்பரிய அறிவு’ என்று பேசும்போது அவர்கள் பெயர் வருவதே இல்லை. எலுமிச்சைத் தோலும் பாட்டியும் மட்டும் வருகிறார்கள். இப்போதும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. வீட்டுக்கார அம்மா புளியும் சாம்பலும்தான் என்று கொள்கை முடிவெடுத்தால், அரைமணி நேரம் கூடுதலாகத் தேய்ப்பது வேலைக்கு வரும் அக்காவின் தோள்பட்டை. கொள்கைக்கு ஏற்பச் சம்பளம் கூடியதாகக் கேள்விப்படவில்லை.

துப்புரவுப் பொருள் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அவர்கள் பங்குக்குப் பயத்தை விற்கிறார்கள். 99.9 சதவீதக் கிருமி சாகும் என்று விளம்பரம் செய்து, கிருமிநாசினி தேவையே இல்லாத இடத்திலெல்லாம் ஊற்ற வைக்கிறார்கள். கிருமிநாசினி சோப்புகளில் சேர்க்கும் டிரைக்குளோசன் உள்ளிட்ட 19 பொருள்களை 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தடை செய்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேலானவை என்பதற்குக் கம்பெனிகளால் சான்று காட்ட முடியவில்லை. வாசனைக்காகத் தினமும் பினாயில் ஊற்றுவதும் வீண் செலவு. அடைத்த குளியலறையில் ஆசிட்டோடு மல்லுக்கட்டுபவரின் நுரையீரலுக்கும் கைகளுக்கும் உண்மையிலேயே கேடு உண்டு. கையுறையும் திறந்த ஜன்னலும் இல்லாமல் யாரையும் அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது. இதையெல்லாம் சொல்லும் இயற்கைவாதிகளோடு எனக்குச் சண்டையில்லை. விளம்பரத்தின் பொய்க்கு மாற்றாக இன்னொரு பொய்யை நீட்டும்போதுதான் சண்டை.

இந்தப் பயிற்சி வகுப்புகளை நடத்துபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ப்ளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் இருக்கும் வீட்டுக்குள்தான் உங்கள் எலுமிச்சையும் வினிகரும் பயோ என்சைமும் நுழைகின்றன. ப்ளீச் எந்த அமிலத்தோடு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியப் படை சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது அந்த வாயுவைத்தான். கதவு மூடிய சின்னக் குளியலறைக்கு அதில் சிறிதளவே போதும். ஆகவே ப்ளீச்சோடு தண்ணீரைத் தவிர எதையும் கலக்கக் கூடாது என்பதை முதல் பாடமாக, முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுங்கள். அதைச் சொல்லாமல் பழத்தோல் அளக்க மட்டும் கற்றுத்தரும் வகுப்புக்கு, வாசகர்களே, கட்டணம் கட்டாதீர்கள்.